புனே நகரத்துப் பந்தி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், "இலக்கியம் பேசப் புலவர் ஒருவர் வருகிறார், நீங்கள் நாம் வாழும் ஊரைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்று பணித்துவிட்டார். ஊரைப் பற்றி எதைச் சொல்வது? சனிவார் வாடாவை நீங்கள் அனைவரும் பார்த்தாயிற்று. ஆகாகான் மாளிகையையும் சிங்ககட் கோட்டையையும் ஊரிலிருந்து வரும் உறவினர்க்கெல்லாம் பன்முறை காட்டியும் ஆயிற்று. காட்டிவிட்டு, நண்பகல் ஆனதும் என்ன செய்கிறோம்? கையோடு எடுத்துச் சென்ற புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். அல்லது 'சவுத் இண்டியன்' என்று பலகை தொங்கும் கடை எங்கே என்று தேடுகிறோம். இவ்வூரார் தாம் எங்கே உண்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே விருந்தாளியை இரயிலேற்றி விடுகிறோம். ஆகவே, புனே நகரத்தார் தாமே விரும்பிச் செல்லும் உணவு விடுதிகளைப் பற்றி இன்று பேசலாம் என்று துணிந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நகரத்தார் 'எங்கள் கடை' என்று உரிமை கொண்டாடும் விடுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அவற்றுள் பல, பிழைப்பைத் தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள் நிறுவியவை. வேறு பல, அவ்வாறு வந்தவர்களுக்குச் சோறிடுவதற்கென்றே தோன்றியவை. நாமும் வந்தவர்களே. அப்படியிருக்க அந்தப் பந்தியில் நாம் மட்டும் ஏன் உட்காராமல் நிற்கிறோம் என்பதே என் கேள்வி.

நாம் இங்கு வந்த கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை 1954-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1960-களில் ஆகுர்டியில் பஜாஜ் ஆலையும், பிம்ப்ரி சிஞ்ச்வட் பகுதியில் டெல்கோ ஆலையும் எழுந்தன. 1972-இல் புதுநகர் வளர்ச்சிக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டு, நாம் 'பிராதிகரண்' என்று வழங்கும் மனைப்பிரிவுகள் பிறந்தன. அந்நாளில் வேலைக்கு வந்த தமிழ் இளைஞர் பலர் மணமாகாதவர்கள். இராப்பணி முடிந்து வரும் அவர்களுக்குச் சோறிட்டவர்கள் யார்? மராத்தியப் பெண்மணிகள் தம் வீட்டு முன்னறையில் நடத்திய சிறு விடுதிகளில்தான் அவர்கள் உண்டார்கள். முன் வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்கள் சிலர் அந்த மாதக் கூப்பன்களை இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். திருமணமாகி வீட்டில் அடுப்பு மூட்டிய பிறகு அந்தப் பக்கம் ஒருமுறையேனும் போனார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. அவர்களுடைய துணைவியாரும் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

அத்தகைய விடுதிக்கு மராத்தியில் 'கானாவள்' என்று பெயர். அதன் வரலாறு சுவையானது. புனே, கல்வி நகரம். பெர்குசன் கல்லூரி 1885-இல் தோன்றியது. பொறியியற் கல்லூரி அதற்கும் மூத்தது, 1854-இல் வேர் கொண்டது. கொங்கணக் கரையிலிருந்தும் சாத்தாரா, சோலாப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் ஏழைப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். அவர்கள் உண்டது எவ்வாறு? சிலர் 'மாதுகரி' என்ற முறைப்படி வீடு வீடாகச் சென்று, சமைத்த உணவை ஏற்று வந்தார்கள். சிலர் 'வார்' வைத்து உண்டார்கள். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு வீடு பிடித்துக்கொள்ள வேண்டும். நம் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் இதே வழக்கம் இருந்தது. நாம் அதனை 'வாரச் சாப்பாடு' என்றோம். ஐந்து வீடு கிடைத்து இரண்டு வீடு கிடைக்காத பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு நாள் பட்டினி. கிடைத்த வீட்டிலும் தலை குனிந்துதான் உண்ண வேண்டும். அதுவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கிடைத்த சலுகை அன்று. மாதக் கட்டணம் செலுத்தி, 'இன்னும் ஒரு போளி கொண்டு வா' என்று தலைநிமிர்ந்து கேட்கும் உரிமையைக் கொடுத்தது கானாவள். அதனால்தான், வெறும் பருப்பும் சப்பாத்தியும் கிடைக்கும் அந்த எளிய இடங்களைப் பற்றிப் பேசும்போது இவ்வூர் முதியவர்களின் குரல் கனிகிறது.

அந்த மரபில் வந்த சில இன்றும் நடக்கின்றன. சதாசிவப் பேட்டையில் பூனா போர்டிங் ஹவுஸ் என்றொன்று உண்டு. திலகர் சாலையில் 1930-களில் தோன்றிய பாதுஷாஹி என்ற விடுதி இருக்கிறது. பெயர்தான் பாதுஷா, உள்ளே ஆடம்பரம் எதுவும் இல்லை. லட்சுமி சாலையில் பூனா கெஸ்ட் ஹவுஸ் உள்ளது. இதனை 1935-இல் நிறுவியவர், பேசாப் படக் காலத்தில் படம் எடுத்த நானாசாகேப் சர்போத்தார். பேசும் படம் வந்ததும், படத்தொழிலில் இருந்த பலர் பாட்டு வாத்தியாரைத் தேடி ஓடினார்கள். இவரோ சோற்றுக் கடை வைத்தார். நாடக நடிகர்களும் பாடகர்களும் வந்து தங்கி உண்ட இடமாக அது புகழ் பெற்றது. கலைஞர்களுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்படுவது எது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இவ்விடங்களுக்குச் செல்லும்போது நம்மவர் தட்டைப் பார்த்ததும் திகைப்பதுண்டு. திகைக்க வேண்டியதில்லை. நம் வாழையிலைக்கு இருப்பது போலவே மராத்தியத் தட்டுக்கும் இலக்கணம் உண்டு. இடப் பக்கம் உப்பு, எலுமிச்சைத் துண்டு, சட்னி, கோசிம்பீர்; வலப் பக்கம் காய்கறி, முளைப்பயற்றுக் கூட்டு, ஆம்டி. கோசிம்பீர் என்பது வேறொன்றும் அன்று, நம் கோசுமல்லியின் உறவுதான். ஆம்டி என்பது துவரம்பருப்புக் குழம்பு. அதில் புளியோ கோகமோ சேர்த்து, வெல்லமும் இட்டு, 'கோடா மசாலா' என்ற பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடியில் ஒரு தனி மணம் இருக்கும். கொத்தமல்லி விதை, எள், கொப்பரை இவற்றோடு 'தகட்பூல்' என்ற ஒன்றையும் வறுத்துச் சேர்க்கிறார்கள். அது என்னவென்று பார்த்தால், செட்டிநாட்டு ஆச்சிமார் குழம்பில் தாளிக்கும் அதே கல்பாசி! காரைக்குடிச் சமையலறையின் மணம் சதாசிவப் பேட்டையின் சந்தில் வீசுவதை அறியாமல், 'இவர்கள் சமையலில் வாசனையே இல்லை' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது மிஸள். காலைச் சிற்றுண்டியில் புனே நகரத்தார் உயிரை வைத்திருப்பது இதன்மீதுதான். முளைகட்டிய மட்கிப் பயற்றின் கூட்டு அடியில்; அதன்மேல் அவல் சிவ்டாவும் ஓமப்பொடி போன்ற சேவும்; சில இடங்களில் உருளைக்கிழங்கும்; மேலே நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. இவ்வளவின்மீதும் காரமான ஒரு குழம்பு ஊற்றப்படும். அந்தக் குழம்புக்கு இவ்வூரில் வழங்கும் பெயர் 'சாம்பிள்'. மாதிரிக்குச் சிறிது தருவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கிண்ணம் நிறையவே வரும். சாம்பிள் என்பதைச் சாம்பார் என்று காதில் வாங்கிக்கொண்டு, இட்டிலியைத் தேடிய நம்மவரும் உண்டு. 'வடா சாம்பிள்' என்று கேட்டால் உருளைக்கிழங்கு வடையை அக்குழம்பில் மூழ்கவிட்டுத் தருவார்கள். நம் சாம்பார் வடைக்கு இப்படி ஓர் உடன்பிறப்பு இவ்வளவு தொலைவில் இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நாராயண் பேட்டையில் உள்ள பேடேகர் கடை இதற்குப் பெயர் பெற்றது. அங்குக் குழம்பில் சிறிது இனிப்பு தட்டும். பாவ் ரொட்டிக்குப் பதிலாக வெட்டிய ரொட்டித் துண்டுகளைத் தொட்டுக்கொண்டு உண்பது புனே நகரத்துப் பழைய வழக்கம். பட்கே ஹௌத் அருகில் வைத்யா உபஹார் கிருஹம் என்ற கடை நூறாண்டைக் கடந்து நிற்கிறது. அங்குக் குழம்பு சிவப்பாக இராது, பச்சை மிளகாயும் இஞ்சியும் மணக்கும் பச்சை நிறமாக இருக்கும். துளசிபாக் கடைவீதிக்குள் ஸ்ரீகிருஷ்ண பவன் என்ற சிறிய இடம் உண்டு. மூன்றும் மூன்று சுவை. எது சிறந்தது என்று இவ்வூரார் இருவரைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். வழக்கு முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மிஸள் காலை உணவு. சோம்பலாக எழுந்து நண்பகலில் போனால் தீர்ந்துவிட்டது என்பார்கள், அதுவும் சற்றுக் கண்டிப்போடு. புனே நகரத்துக் கடைக்காரருக்கு வாடிக்கையாளரை வருந்தி அழைக்கும் வழக்கம் இல்லை. சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளைப் படித்தாலே தெரியும். அவற்றின் குத்தல் நடைக்கு மராத்தியில் தனிப் புகழே உண்டு.

நோன்பு நாளில் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்கலாம். கவலையே வேண்டாம். இவ்வூர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் நோன்புப் பண்டங்களின் பட்டியல் மற்றப் பட்டியலினும் நாவூறச் செய்யும். ஏகாதசி என்றால் இருமடங்கு உண்ணும் நாள் என்று மராத்தியரே தம்மைப் பழமொழியில் எள்ளிக்கொள்கிறார்கள். அந்நாளின் அரசன் 'சாபுதாணா கிச்சடி', அதாவது நம் ஜவ்வரிசியை வேர்க்கடலைப் பொடியும் சீரகமும் இட்டுத் தாளித்தது. அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது? நம் சேலத்திலிருந்து! சேலத்தைச் சுற்றிய மரவள்ளிக் கிழங்கு ஆலைகள் செய்து அனுப்பும் ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரம் பெரிய சந்தை. ஆலைக்காரர்களின் கூட்டுறவு விற்பனைச் சங்கம் 1981-இல் சேலத்தில் ஏற்பட்டது. விட்டலனை நினைந்து இவர்கள் நோற்கும் ஆஷாட ஏகாதசியை நடத்திக் கொடுப்பவர் நம் சேலத்து உழவர் என்று சொன்னால் மிகையாகாது. நாமோ ஜவ்வரிசி என்றால் பாயசத்திற்கும் வடகத்திற்கும் மேல் எண்ணுவதில்லை.

இனி, நம்மவர் பலரும் காத்திருக்கும் செய்திக்கு வருகிறேன். புனேயில் நல்ல இட்டிலி, தோசை எங்கே கிடைக்கும்?

பெர்குசன் கல்லூரிச் சாலையில் ரூபாலி, வைஷாலி என்று இரண்டு விடுதிகள் இருப்பதைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். வேலைக்குச் செல்வதாகச் சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பிய சிலரும் அறிவார்கள். வைஷாலியில் கூட்டம் எப்போதும் உண்டு. ஆயினும் அது ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் அன்று. மாணவரும் பேராசிரியரும் அரசியலாரும் ஓய்வு பெற்ற முதியோரும் நாள்தோறும் தத்தம் மேசையை நாடி வரும் கூட்டம். இவ்விரண்டு விடுதிகளுக்கும் முன்னாளில் இருந்த பெயர்களைக் கேளுங்கள். ரூபாலிக்கு 'கஃபே மதராஸ்'. வைஷாலிக்கு 'மதராஸ் ஹெல்த் ஹோம்'. ஆகா, நம்மவர் கடை என்று மார்தட்ட வேண்டாம். இவற்றை வளர்த்துப் பெரும் புகழுக்குக் கொண்டு வந்தவர் ஜகந்நாத் ஷெட்டி என்ற துளுநாட்டுக்காரர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் வேலை தேடிப் புனேக்கு வந்தவர். 2023-இல் காலமானபோது நகரமே தன் வீட்டுப் பெரியவரை இழந்தது போல வருந்தியது.

துளுநாட்டுக்காரர் மதராஸ் என்று பலகை மாட்டுவது முறையா என்று கேட்கலாம். சென்னையிலேயே கதை அதுதானே! உடுப்பிக் கண்ணன் கோயில் மடைப்பள்ளிச் சமையலில் வழிவழியாகத் தேர்ந்த கைகள் ஊரை விட்டுக் கிளம்பி, சென்னை, பம்பாய் என்று பரவின. 1930-களின் இறுதியில் கே. கிருஷ்ணராவ் சென்னையில் உட்லண்ட்ஸ் விடுதியை நிறுவினார். 1942-இல் பம்பாய் மாதுங்காவில் இராம நாயக் தம் உடுப்பி போர்டிங்கைத் தொடங்கினார். 'நம் ஊர் ஹோட்டல் தோசை' என்று நாம் ஏங்கும்போது, பெரும்பாலும் உடுப்பிக்காரர் சென்னைக்குக் கற்பித்த தோசையைத்தான் எண்ணி ஏங்குகிறோம். நம் வீட்டுத் தோசை வேறு. இதனைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வந்தால் வரட்டும்.

'இங்குச் சாம்பார் இனிக்கிறது' என்பது நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் முறையீடு. இனிப்பதற்குக் காரணம் இரண்டு. உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் இடுவது அவர்கள் நாட்டு முறை. உண்ண வரும் புனே நகரத்தாரோ, வெல்லமிட்ட ஆம்டியில் வளர்ந்தவர்கள். சமைப்பவர் கையும் உண்பவர் நாவும் ஒரே பக்கம் சாயும்போது, நடுவில் நாம் நின்று குறை சொல்லி என்ன பயன்? அது கெட்டுப்போன தஞ்சாவூர்ச் சாம்பார் அன்று. துளுநாடும் மராத்திய நாடும் புனேயில் கைகோத்துப் பெற்ற பிள்ளை. அவ்வாறு எண்ணிச் சுவைத்தால் நன்றாகவே இருக்கிறது. அன்றியும் வைஷாலியில் புனே இளைஞர் முதலில் கேட்பது தோசையே அன்று. சேவும் உருளைக்கிழங்கும் தயிரும் பூரியும் சேர்ந்த ஒரு சாட் வகையைத்தான். துளுநாட்டார் கடையில், மதராஸ் என்ற பழம் பெயரின் நிழலில், வடநாட்டுப் பண்டத்தை மராத்தியர் விரும்பி உண்கிறார்கள். யாரும் யாருடைய அடையாள அட்டையையும் கேட்பதில்லை.

ஈரானியர் கடைகளையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஈரான் நாட்டின் யஸ்து, கெர்மான் பக்கங்களிலிருந்து சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி வந்தவர்கள், பம்பாயிலும் புனேயிலும் தெரு முனைகளில் தேநீர்க் கடை வைத்தார்கள். டெக்கான் பகுதியில் 1935-இல் தோன்றிய குட்லக் கஃபே அவற்றுள் எஞ்சி நிற்பது. வெண்ணெய் தடவிய பன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்து உண்ணலாம். தண்டு முகாமில் கிழக்குத் தெருவில் 1955 முதல் நடக்கும் கயானி ரொட்டிக் கடையின் ஷ்ரூஸ்பரி பிஸ்கோத்தை நீங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியில் வைத்துச் செல்கிறீர்கள். ஆகவே அதற்கு என் பரிந்துரை தேவையில்லை. புலால் உண்ணும் அன்பர்களுக்கு அதே பகுதியில் டொராப்ஜி என்ற பார்சிக் கடை உண்டு, 1878-இல் தோன்றியது. மற்ற ஈரானியர் கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. தெருமுனை இடத்திற்கு இன்று கிடைக்கும் விலையைத் தேநீர் விற்று ஈட்ட முடியாது.

காப்பி குடித்து வளர்ந்த நம்மவர் தேநீரைச் சற்று இளக்காரமாகவே பார்ப்போம். 'அம்ருததுல்ய' என்ற பலகை தொங்கும் கடையில் ஒருமுறை நின்று பாருங்கள். அமுதத்திற்கு நிகர் என்பது பொருள். இராஜஸ்தானத்திலிருந்து வந்த ஸ்ரீமாலி அந்தணர்கள் தொடங்கிய தொழில் இது. சோன்யா மாருதி சதுக்கத்தருகே 1920-களில் தோன்றிய கடை, ஆத்ய அம்ருததுல்ய என்ற பெயரோடு விளங்குகிறது. பித்தளைப் பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் சர்க்கரையும் தேயிலையும் ஒன்றாகக் கொதிக்க, இடித்த ஏலக்காயும் இஞ்சியும் விழ, கடைக்காரர் கரண்டியால் மொண்டு மொண்டு ஆற்றி, துணியில் வடித்துத் தருவார். கும்பகோணத்து டிகிரி காப்பிக் கடையில் காணும் அதே சிரத்தையை நான் அங்குக் கண்டேன்.

தொலைவு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். 2024 செப்டம்பர் முதல் பிம்ப்ரியிலிருந்து சுவார்கேட் வரை மெட்ரோ இரயில் ஓடுகிறது. கஸ்பா பேட்டை நிலையத்திலோ மண்டை நிலையத்திலோ இறங்கினால் நான் சொன்ன பழைய பேட்டைகள் காலடியில் இருக்கும். ஆகுர்டியிலிருந்து லோக்கல் வண்டி என்றும் உண்டு. அவ்வளவு தூரமும் வேண்டாம் என்பவர்கள் பிம்ப்ரி முகாமுக்குச் செல்லுங்கள். 1947-இல் நாடு பிரிந்தபோது, சிந்து மாநிலத்தில் வீடு வாசலை இழந்து வந்தவர்களைக் குடியமர்த்திய இடம் அது. அங்குச் சிந்தியர் கடி என்றொரு குழம்பு கிடைக்கும். தயிர் சேராதது, கடலை மாவை வறுத்துப் புளி கரைத்து வைப்பது, முருங்கைக்காயும் வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டு சோற்றில் பிசைந்தால், நம் வீட்டுக் குழம்பின் தூரத்து உறவு என்பது விளங்கும்.

'என்ன இருந்தாலும் மராத்தியர் உணவு நமக்கு ஒவ்வாது' என்று சொல்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். 1670-களின் நடுவில் ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டது முதல் 1855 வரை தஞ்சை அரண்மனை மராத்தியர் அரண்மனை. சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையற் குறிப்புகள் சரசுவதி மகாலில் சுவடியாக உள்ளன. சாம்பாரே அந்த அரண்மனையில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதைதான், அதற்கு உறுதியான சான்று காட்டுவாரில்லை. ஆனால் நம் தஞ்சாவூர் வீடுகளின் டாங்கர் பச்சடியும் பிட்லையும் மராத்தியத் தொடர்பால் வந்த பெயர்கள் என்று சொல்வதுண்டு. இங்கே 'பிட்லே' என்பது கடலை மாவைக் கரைத்துக் கிளறுவது. அங்கே பிட்லை என்பது பாகற்காயும் கத்தரிக்காயும் வறுத்தரைத்த மசாலையும் சேர்ந்தது. பெயர் மட்டும் பயணம் செய்து, பண்டம் வழியில் வேடம் மாற்றிக்கொண்டது போலும். தேகுவிலிருந்து துக்காராம் சுவாமிகளின் பல்லக்கு நம் நிக்டி வழியாக வந்து ஆகுர்டி விட்டலன் கோயிலில் இரவு தங்குகிறதே, அந்நாளில் வழிநடைப் பக்தர்களுக்கு வழங்கும் பிட்லே பாக்ரியை வாங்கி உண்டு பாருங்கள். சோள ரொட்டியும், சூடான பிட்லேயும், இடித்த பச்சை மிளகாயும். அன்று விலை கேட்பாரில்லை. எந்த ஊர் என்று கேட்பாரும் இல்லை.

இறுதியாக, நம் வீட்டு வாசலுக்கே வருகிறேன். நம் பிராதிகரண் தெருக்களில் 'போளி பாஜி கேந்திரம்' என்ற சிறு பலகைகளைக் காண்கிறீர்கள். பெயரைக் கண்டு, தேங்காய்ப் பூரணம் வைத்த போளி என்று ஓடாதீர்கள். மராத்தியில் போளி என்றால் சப்பாத்திதான். பெரும்பாலும் பெண்கள் இருவரோ மூவரோ சேர்ந்து நடத்துவது. விடியலில் மாவு பிசைந்து, ஆலைக்குச் செல்பவரின் டப்பாவை ஏழு மணிக்குள் நிரப்பி, மாலையில் மறுபடி அடுப்பு மூட்டுகிறார்கள். பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளர்களுக்குச் சோறிட்டு வந்த பெண்களை ஒன்றுசேர்த்து, 1975-இல் பிரேமா புராவ் அம்மையார் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். அதன் பிறகுதான், கணக்கற்ற வீடுகளைக் காத்து வந்த அவ்வுழைப்பைத் தொழில் என்று வங்கிகள் ஏற்றுக் கடன் கொடுக்க முன்வந்தன. நம் தெருவில் இருப்பவர்களுக்கு அத்தகைய அமைப்பு ஒன்றும் இல்லை. 2020-ஆம் ஆண்டு நோய்த்தொற்றின்போது ஆலைகளும் கல்லூரிகளும் மூடப்பட, இத்தகைய அடுப்புகள் பல அணைந்தன. அவற்றுள் சில மீண்டும் எரியவேயில்லை.

தாய்மார்கள் ஊருக்குச் சென்றிருக்கும் கோடை விடுமுறையில் நம் ஆடவர்கள் எங்கே வாங்கி உண்கிறார்கள்? வீட்டில் நோய்வாய்ப்பட்டவர் இருக்கும்போது அவசரத்திற்கு யாரிடம் போகிறோம்? இந்தப் பெண்மணிகளிடம்தான். நம்முள் எத்தனை பேருக்கு அவர்கள் பெயர் தெரியும்? இத்தனை ஆண்டுகளாக ஆண்டு விழாவில் இலை போடுகிறோம். மாநகராட்சி உறுப்பினரை அழைக்கிறோம், ஆலை மேலாளரை அழைக்கிறோம், அவர்களும் வந்து வடை பாயசத்தோடு உண்டு வாழ்த்துகிறார்கள். அந்தப் பெண்மணிகளுள் ஒருவரேனும் நம் இலையில் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

ஆட்சிக் குழுவினர்க்கு என் விண்ணப்பம் இதுவே. வரும் ஆண்டு விழாவுக்கு நம் தெருக்களில் போளி பாஜி நிலையம் நடத்தும் பெண்மணிகள் அனைவரையும் குடும்பத்தோடு அழைக்க வேண்டும். அழைப்பிதழ் மராத்தியில் இருக்கட்டும். எழுதிக் கொடுக்க நம் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய மராத்தி நம்முடையதைவிட எவ்வளவோ மேல். முதற் பந்தியில் அவர்களை அமர்த்தி நாம் பரிமாற வேண்டும். சாம்பாரில் வெல்லம் இடுவதா வேண்டாமா என்பதைச் சமையற் குழுவே தீர்மானிக்கட்டும். அன்றைய பாயசச் செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பொருளாளர் அவர்கள் இதனை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.